பாமரர் கேள்வியும் வரலாற்றின் விடையும்

 

இவ்வெள்ளி விழாவில் வரலாறு பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். மன்னர்களைப் பற்றிப் பேசுவது எளிது. அவர்களுடைய வெற்றிகளும் பட்டங்களும் அச்சிட்ட நூல்களில் நிரம்பக் கிடக்கின்றன. ஆனால் இப்பகுதியின் சேரிகளில் உட்கார்ந்து பேசும்போது எவரும் என்னிடம் மன்னர்களைப் பற்றிக் கேட்டதில்லை. அவர்கள் கேட்பவை வேறு. திருவக்கரையில் கல்லாய்க் கிடப்பவை அரக்கனுடைய எலும்புகளா? சாகாமல் இழுத்துக்கொண்டிருந்த கிழவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்களாமே, மெய்யா? இரும்பைக் கோயிலில் லிங்கம் ஏன் வெடித்தது? பக்கிங்காம் கால்வாயைப் பக்கிங்காம் என்பவனா வெட்டினான்? கப்பலேறிப் போன எங்கள் பாட்டனுடைய தமையன் என்ன ஆனான்? ஏரிக்கு அப்பால் இருக்கும் நிலம் நம்முடையது என்று தாத்தா சொல்லிக்கொண்டே இறந்தாரே, அது உண்மையா?

படித்தவர்கள் இக்கேள்விகளைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. நான் சிரிக்கமாட்டேன். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு கல்லிலோ ஏட்டிலோ பதிவேட்டிலோ விடை இருக்கிறது என்பதும், அவ்விடையைத் தேடிப் போகும் வழியில் நம் உரிமைகளும் கிடக்கின்றன என்பதும் என் உறுதியான எண்ணம். அதனை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

இது நான் புதிதாகக் கண்ட வழி அன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அவ்விதழில் அவர் வாசகர்களின் ஐயங்களுக்கு விடை எழுதினார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களும் இரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர்களும் அவ்விதழைப் படித்தார்கள். பண்டிதர் கூறிய சொல்லாராய்ச்சி முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய வரலாற்றறிஞர்கள் ஏற்பதில்லை. நானும் எல்லாவற்றையும் ஏற்பவன் அல்லன். ஆயினும் அவர் ஒரு பெருங்காரியம் செய்தார். ‘நாம் ஏன் தாழ்ந்தவர்கள்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த மக்களை, ‘நம்மைத் தாழ்த்தியவர் யார்? எப்போது தாழ்த்தினார்?’ என்று கேட்கும்படி திருப்பினார். கேள்வி மாறியதும் விடை தேடும் இடமும் மாறிவிட்டது.

முதலில் அரக்கன் எலும்பை எடுத்துக்கொள்வோம். வக்கராசுரன் என்பவனை வதைத்தபோது சிதறிய எலும்புகள் அவை என்பது திருவக்கரை வட்டாரத்துக் கதை. உண்மையில் அவை மரங்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலுள் புதைந்து, மரத்தின் நுண்ணிய அறைகளிலெல்லாம் மணற்சத்து ஊறிக் கல்லாகிவிட்டவை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சொன்னரா என்னும் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் இவற்றைப் பற்றி எழுதினார். கதை தவறுதான். ஆனால் நம் முன்னோர் அவற்றைச் சாதாரணக் கற்கள் என்று தள்ளிவிடவில்லை. ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை என்பதைக் கண்டுகொண்டனர். பாதி விடையை அவர்களே கண்டிருக்கிறார்கள் என்பேன்.

தாழியும் அப்படியே. கிழவர்களை உயிரோடு உள்ளே வைத்து விளக்கேற்றி மூடினார்கள் என்று பாட்டிமார் கதை சொல்லுவர். புதுச்சேரிக்கு அருகே சுத்துக்கேணியிலும் முத்திரப்பாளையத்திலும் காசால் என்னும் பிரெஞ்சு அறிஞர் பெருங்கற்கால ஈமக்குழிகளை அகழ்ந்தார். தெற்கே ஆதிச்சநல்லூரில் 1876 முதற்கொண்டே தாழிகள் வெளிப்பட்டன. தாழிகள் பலவற்றில், இறந்தவரை முதலில் வேறோர் இடத்தில் கிடத்திப் பிறகு எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி இட்டிருக்கிறார்கள். கிழவர்களைக் கொன்ற மக்கள் அல்லர். இறந்தவர்க்கு இருமுறை ஈமக்கடன் செய்த மக்கள். அரிக்கமேட்டிலோ, 1945-இல் வீலர் வந்து முறையாகத் தோண்டுவதற்கு முன்பே, அவ்வூர்ச் சிறுவர்கள் மணிகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து ஜூவோ-துப்ரேய் என்னும் புதுச்சேரிப் பேராசிரியரிடம் கொடுத்தார்கள். அது 1937 வாக்கில். அவர் கைக்கு வந்த மணிகளுள் ஒன்றில் உரோமப் பேரரசன் அகஸ்டசின் தலை செதுக்கப்பட்டிருந்ததாகக் கூறுவர். அகழ்வாராய்ச்சி நூல்களில் அச்சிறுவர்களின் பெயர் இல்லை.

இனி இந்த ஊருக்கே வருகிறேன். இரும்பை மாகாளம் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம். இங்கு லிங்கம் பிளந்திருப்பதையும் செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்டிருப்பதையும் எல்லாரும் அறிவர். கடுவெளிச் சித்தர் கதையும் உங்களுக்குத் தெரியும்: மழை இல்லை, அரசன் சித்தரின் தவத்தைக் கலைக்க வள்ளி என்னும் நடனமாதை ஏவினான், கோயிலில் ஆடும்போது அவள் சிலம்பு கழன்று விழ, ஆட்டம் குலையாதிருக்கச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார், ஊரார் நகைத்தனர், சித்தர் சினந்து பாட, லிங்கம் வெடித்தது. ஊர் பாழாகுமாறு சாபம் விழுந்தது என்பதும், தூர தேசத்தார் வந்து அதைப் பசுமையாக்குவர் என்பதும் கதையின் பின்னொட்டு. 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் நகருக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு இந்தப் பின்னொட்டு மிகவும் பரவிவிட்டது.

சாபத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் கூறுவது இதுதான். இந்தச் செம்மண் மேட்டில் ஒரு காலத்தில் உலர் பசுமைக்காடு இருந்தது. காடு வெட்டப்பட்டது, வெட்டிய இடத்தில் ஆடுமாடுகள் மேய்ந்தன, ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து ஓடி, நிலம் முழுதும் ஓடைப் பள்ளமாயிற்று. கோடரியும் வெள்ளமும் செய்த வேலை சித்தர் கணக்கில் எழுதப்பட்டது. பிறகு வரப்புக் கட்டி நீரைத் தேக்கி மரம் நட்டதால் பசுமை திரும்பிற்று. அந்த வரப்புகளை வெட்டிக் குழியெடுத்த கைகளுள் நம் சேரிகளின் கைகளும் உண்டு. அடிக்கல் நாட்டியவர்களின் படங்கள் கிடைக்கும். குழி வெட்டியவர்களின் கூலிப் பட்டியலை எவரேனும் எடுத்து வைத்திருந்தால் நல்லது.

இக்கதையைக் கேட்ட ஒரு மூதாட்டி என்னிடம் கேட்ட கேள்வியை மட்டும் மறக்க முடியவில்லை. ‘இந்தக் கதையிலே ராசா இருக்காரு, சித்தரு இருக்காரு, ஆடுறவ இருக்கா, நம்ம சனம் எங்கய்யா இருக்குது?’ என்றார். பல்கலைக்கழக ஆய்வுக் கூட்டங்களில்கூட இவ்வளவு கூர்மையான வினாவை நான் கேட்டதில்லை. கதை கோயிலுக்குள் நடக்கிறது. நம் மக்கள் கோயிலுக்குள் போகும் உரிமையைச் சட்டம் பொதுவாக வழங்கியது 1947-இல்தான். வழங்கிய பிறகும் என்ன? நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே மேல்பாதியில், நம்மவர் உள்ளே நுழைவது பற்றிய தகராற்றில், 2023 ஜூன் மாதம் திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் முத்திரையிட நேர்ந்தது. ஆகவே ‘கதையில் நாம் எங்கே?’ என்னும் கேள்வி, பழங்கதையைப் பற்றியது மட்டும் என்று எண்ண வேண்டாம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாம் எங்கே இருந்தோம் என்பதற்குக் கல்லிலேயே விடை உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் ஊர்களைக் கொடுத்தபோது, அவ்வூர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று கல்வெட்டில் பட்டியல் இட்டான். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு எனச் செல்கிறது அப்பட்டியல். சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே இருக்கிறது. ‘உழப் பறையர்’ குடியிருக்கும் சேரி என்றும் வருகிறது. இதை மெல்லப் படித்துப் பாருங்கள். வரியில்லை என்றவுடன் அது அருளால் கொடுத்த சலுகை என்று மகிழ்ந்துவிட வேண்டாம். விளையாத நிலம் என்பதால் வரியில்லை. சுடுகாட்டுக்கு என்ன கணக்கோ அதே கணக்கு சேரிக்கும்.

இக்கல்வெட்டு இரண்டு தரப்பாரின் வாயையும் அடைக்கிறது. தீண்டாமை வெள்ளைக்காரன் வந்து உண்டாக்கியது என்று கூறுவாருண்டு. 11-ஆம் நூற்றாண்டிலேயே சேரி தனியாக இருந்ததைக் கல் சொல்கிறது. பறையடிப்பது ஒன்றே நம் குலத்தொழில் என்று கூறுவாருமுண்டு. அவர்கள் ‘உழப் பறையர்’ என்னும் சொல்லை விளக்கட்டும். சோழ நாட்டு நெற்களஞ்சியத்தை நிரப்பியவர்களுள் நாமும் இருந்தோம். களஞ்சியத்தின் பக்கத்தில் மட்டும் இல்லை. பெருமையையும் சிறுமையையும் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறது கல். நமக்குப் பிடித்த பாதியை மட்டும் படித்தால் அது வரலாறு ஆகாது.

நம் மக்கள் காரணம் கேட்டதே இல்லையா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கேட்டிருக்கிறார்கள்; அதுவும் இங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில். புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பை அறிவீர்கள். 1745-ஆம் ஆண்டுக் குறிப்பில் ஒரு செய்தி. புதுச்சேரியிலிருந்த தேவாலயத்துள் பறையர் கிறிஸ்தவர்கள் ஒருபுறமும் சாதிக் கிறிஸ்தவர்கள் மறுபுறமும் இருக்குமாறு நடுவே ஒரு சுவர் எழுப்பியிருந்தனர். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் ஊக்கப்படுத்த, நம் மக்கள் திரண்டு பெரிய பாதிரியாரிடம் சென்றார்கள். ‘நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எல்லாரையும் ஒரு நிகராக நடத்த வேண்டாமா? கர்த்தர் வேற்றுமை பாராட்டவில்லையே; நீங்கள் இதற்கு இணங்கியதன் காரணம் என்ன?’ என்னும் கருத்துப்படக் கேட்டார்கள். பெரிய பாதிரியார் அக்கேள்வியில் நியாயம் கண்டார். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள் என்பதையும் பிள்ளை எழுதியிருக்கிறார்.

இச்செய்தியை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளை நமக்கு நண்பர் அல்லர். மேல்சாதியாரின் பக்கம் நின்று, ஒரு வியப்பான நிகழ்ச்சி என்ற அளவிலேயே எழுதி வைத்தார். அவருடைய கையெழுத்தில்தான் நம் முன்னோரின் கேள்வி உயிரோடு இருக்கிறது. கேட்டவர்களின் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் கையேந்தவில்லை, காரணம் கேட்டார்கள் என்பது தெரிகிறது. அப்போது அம்பேத்கர் பிறக்க இன்னும் 146 ஆண்டுகள் இருந்தன. மற்றவர் எழுதிய ஏடுகளில் நம் குரலைத் தேடும் பழக்கம் நமக்கு வரவேண்டும். நமக்காக எழுதப்படாத பக்கங்களில் அது அடிக்கடி அகப்படும்.

அடுத்து மரக்காணத்துத் தோழர்களின் கால்வாய்க் கேள்வி. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே வந்து மரக்காணத்தில் முடியும் அக்கால்வாய் ஒரே மூச்சில் வெட்டப்பட்டதன்று. சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் 1806-இல் கொக்கிரேன் என்பவர் தொடங்கியது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக நீண்டது. இடையில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை இப்பஞ்சத்தால் இறந்தவர்கள் பிரிட்டிஷார் ஆண்ட பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் என்பது ஒரு மதிப்பீடு. பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுப்பதென்று சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதியை 1877–78-இல் வெட்டுவித்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது.

கூலி என்ன தெரியுமா? 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர் செலவைக் குறைக்க அனுப்பப்பட்டார். பஞ்ச வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுவதும் மண் சுமக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் புள்ளிவிவரங்களோடு வாதாடினார். பல இடங்களில் மக்கள் அக்கூலிக்கு வேலை செய்ய மறுத்து வெளியேறினார்கள். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. பசித்த வயிற்றோடு வேலை மறுப்புச் செய்தவர்களுள் நிலமற்ற கூலிகள் எத்துணைப் பேர் இருந்திருப்பர் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். எனவே பக்கிங்காம் வெட்டினானா என்று கேட்கும் பிள்ளைக்கு, அவன் பெயர் கொடுத்தான், மண் எடுத்தவர்கள் வேறு என்று விடை கூறுங்கள். ஜெர்மானியக் கவிஞர் பிரெக்ட் 1935-இல் இதே கேள்வியை ஒரு தொழிலாளி கேட்பதாகக் கவிதை எழுதிப் புகழ் பெற்றார். நம் பிள்ளைகள் அவரைப் படிக்காமலேயே கேட்கிறார்கள்.

அக்கால்வாய் வழியே இங்கிருந்து உப்பும் விறகும் சென்னைக்குப் போயின. உப்பின் கதை நீண்டது; அதைச் சுருக்கியே சொல்கிறேன். 1805-இல் கும்பினியார் சென்னை மாகாணத்தில் உப்பைத் தங்கள் தனியுரிமை ஆக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு தன் குடிசைக்கு எதிரே தானாகப் பூத்த உப்பை ஓர் ஏழை வழித்து எடுத்தாலும் குற்றம். 1930-இல் ஒரு மணங்கு உப்புக்கு வரி ஒன்றேகால் ரூபாய். தண்டிக்கும் வேதாரணியத்துக்கும் நடந்தவர்களைப் பாடநூல் போற்றுகிறது, போற்றத்தான் வேண்டும். 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் உடன்படிக்கையால், உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார் தங்கள் தேவைக்கும் தங்கள் ஊருக்குள் விற்பதற்கும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவு கிடைத்தது. 1947-இல் வரியே நீங்கிற்று. ஆனால் வெயிலில் பாத்தி மிதித்துப் பலகையால் உப்பு வாருகிறவனின் கூலி எந்த உடன்படிக்கையிலும் இடம்பெறவில்லை என்பதையும் பாடநூலின் ஓரத்தில் மாணவர்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கப்பலேறிப் போன பாட்டனைப் பற்றி. 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரீயூனியனுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், அடுத்த ஆண்டு முதல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். நம் கடற்கரையின் மக்கள் பலர் அதில் சென்றனர். அவர்களுள் நம் சேரிகளிலிருந்து போனவர்கள் மிகுதி. இதில் ஒரு விந்தையைப் பாருங்கள். ஊரில் இருந்தவரை அவனைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது. கப்பலில் ஏறிய அன்று பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு அனைத்தும் எழுதப்பட்டன. மொரீசியசில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அப்பதிவேடுகளைக் காத்து வருகிறார்கள். பலருடைய புகைப்படங்களும் உள்ளன. அத்தீவுகளிலிருந்து வரும் பேரன்மார், கையில் ஊர்ப்பெயருடன் நம் பக்கம் தேடி அலைகிறார்கள். அவர்களிடம் ஏடு இருக்கிறது. நம்மிடம் பாட்டியின் நினைவு இருக்கிறது. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை. ‘அவரு கப்பலுக்குப் போயிட்டாரு’ என்று ஒரு மூதாட்டி சொன்னால், யார், எந்தத் தெரு, யாருடைய மகன் என்பதை அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி நிலத்தைப் பற்றியது. மற்றவற்றை விட இதையே விரித்துச் சொல்ல வேண்டும்.

ஊர்களுக்கிடையே எல்லைத் தகராறு எழுந்தால், அந்நாளில் யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? வெட்டியானைக் கூப்பிட்டார்கள். அவன் நடந்து காட்டிய வழியே எல்லை என்று இரு ஊராரும் ஒப்புக்கொண்டனர். 1909-இல் எட்கார் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் இவ்வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. ஊரின் ஒவ்வொரு வரப்பையும் அறிந்தவன் அவனே; அவன் சொல்லே சாட்சி. அவனுக்கு மட்டும் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை.

1891-இல் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டராயிருந்த டிரமென்ஹீர் இதைத்தான் அரசுக்கு எழுதினார். மிராசுதாரர்கள் தரிசு நிலத்தையும் விடுவதில்லை. பறையர் விண்ணப்பித்தால் தடுக்கிறார்கள். எதிர்த்தால் குடிசையிலிருந்தே துரத்துகிறார்கள் என்று தம் அறிக்கையில் விவரித்தார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி முதலிய பாதிரிமார்களும் நிலத்துக்காக வாதாடினார்கள். அதே காலத்தில் அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் அமைப்புகள் கட்டி விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருந்தனர். 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த அரசாணைகளின்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் ஏற்பாடு உண்டாயிற்று. இதையே பஞ்சமி நிலம் என்கிறோம். வருவாய்த் துறையார் டி.சி. நிலம் என்பர். மாகாணம் முழுவதும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. முதல் 10 ஆண்டுகளுக்கு எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கன்றிப் பிறர்க்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை.

அந்நிபந்தனையோடு கொடுத்த நிலம் பிறர் கைக்கு எப்படிப் போயிற்று? அஞ்சு ரூபாய்க் கடனுக்கும், ஒரு கல்யாணச் செலவுக்கும், கைநாட்டு வாங்கிய வெற்றுத்தாளுக்கும் போயிற்று. 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யூ.டி.ஆர். என்று நீங்கள் கேள்விப்பட்டதில், அனுபவத்தில் இருந்தவர் பெயரே பல இடங்களில் பட்டாவில் ஏறிவிட்டது; டி.சி. என்ற குறிப்பும் காணாமற் போயிற்று. தாத்தா சொன்னது பொய் அன்று. அவர் சொன்னது பழைய ஏட்டில் இருக்கும்; புதிய ஏட்டில் இராது.

செங்கல்பட்டுப் பக்கத்துக் காரணை ஊராரும் இப்படி ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள்: ‘இது எங்கள் பஞ்சமி நிலம் அல்லவா?’ மீட்டெடுக்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10-இல் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர். ஒரு வரலாற்றுக் கேள்விக்கு இருவர் உயிர் விலையாயிற்று. வரலாறு பொழுதுபோக்கு என்று எண்ணும் நண்பர்கள் ஒருமுறை காரணைக்குப் போய் வரட்டும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரின் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும், யூ.டி.ஆருக்குப் பிந்திய ‘அ’ பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். முப்பது நாளில் விடை தந்தாக வேண்டும். அங்கும் இல்லை என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே குறிப்புப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுத்து மாறாமல் படியெடுங்கள். பட்டாதாரர் யார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தக் குறிப்புப் பத்தி தான் முக்கியம்.

இன்னொன்று. பதிவேட்டில் எண்கள் மட்டுமே இருக்கும். வெட்டியான் மானியம், தோட்டி மானியம் என்று வயல்களுக்கு வழங்கிய பெயர்கள் பெரியவர்களின் வாயில்தான் இருக்கின்றன. எந்தப் பெயர் எந்த வரப்பில் தொடங்கி எந்த மரத்தடியில் முடிகிறது என்று தெரிந்தவர்கள் இந்தப் பந்தலிலேயே நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்து அவர்கள் எழுந்து போவதற்குள், ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.